கரூர் திரை, சென்னிமலை விரிப்பு, பவானி ஜமுக்காளம்: ஓட்டல் அறையின் அழகை நம் வீட்டுக்குக் கொண்டுவர எது உதவும், எது உதவாது

கோவை அவினாசி ரோட்டுப் பெரிய ஓட்டல்களில் ஓர் அறையைத் திறந்தால் மூன்று விஷயங்கள் சேர்ந்து கண்ணில் படும். திரைச்சீலை சீலிங்கை ஒட்டித் தொடங்கித் தரை வரை மடிப்பு மடிப்பாக விழும். விளக்கு எதுவும் கண்ணைக் குத்தாது, அறையும் இருட்டாக இருக்காது. கட்டில் விரிப்பில் சுருக்கம் இருக்காது. மார்பிளும் தேக்கும் அதற்குப் பிறகுதான் தெரியும். இந்த மூன்றில் இரண்டு வெறும் துணி. அந்தத் துணியை நெய்கிற ஊர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கரூரில் திரையும் மெத்தையுறையும், சென்னிமலையில் விரிப்பும் போர்வையும், பவானியில் ஜமுக்காளமும் நெய்கிறார்கள். வெளிநாட்டு அலங்காரக் கடைகளுக்குக் கப்பலேறுவது இதே கரூர்ச் சரக்குதான். எனவே துணியில் நமக்குக் குறையில்லை. தைப்பதிலும் மாட்டுவதிலும்தான் கோட்டை விடுகிறோம்.

இங்கே மதிப்பிட்டிருக்கும் ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி வீட்டை வைத்துத்தான் பார்த்திருக்கிறோம். 10-க்கு 14 அடி ஆசாரம் (கூடம்). தரையிலிருந்து சீலிங் 10 அடி. ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் விட்டம் 7 அடியில். ஜன்னல் அகலம் 5 அடி, உயரம் 4 அடி. கொங்குப் பக்கம் கடந்த முப்பது வருடத்தில் கட்டிய பெரும்பாலான காங்கிரீட் வீடுகள் இந்தக் கணக்குக்கு அருகில் வரும். ரூபாய்க் கணக்கை இங்கே எழுதவில்லை. நூல் விலை மாதத்துக்கு மாதம் மாறும், துணி விலையும் அதோடு மாறும். மீட்டர் கணக்கு மாறாது, அதை நம்பலாம்.

கரூர் சர்ப்ளஸ் துணியில் ஜன்னல் திரை

எல்லாவற்றிலும் முதலிடம் இதற்கே. செலவழித்த காசுக்கு வீட்டின் தோற்றத்தை இவ்வளவு மாற்றுவது வேறொன்றும் இல்லை.

ஏற்றுமதிக்கு நெய்து மீந்த துணி, ஆர்டர் ரத்தான துணி, சோதனையில் கழித்த துணி ஆகிய மூன்றும் "சர்ப்ளஸ்" என்ற ஒரே பெயரில்தான் கடைக்கு வரும். மீந்த துணியில் குறை இருக்காது. ஆனால் எட்டு மீட்டரோ பதினொரு மீட்டரோதான் இருக்கும், அடுத்த வாரம் போனால் அதே துணி கிடைக்காது. ரத்தான ஆர்டரில் ரோல் ரோலாகக் கிடைக்கும், வீடு முழுக்க ஒரே துணி போட நினைப்பவர்கள் இதைத்தான் கேட்க வேண்டும். கழித்த துணியில் இழை அறுந்த இடம், ஊடை (குறுக்கு நூல்) விட்டுப்போய் விழுந்த குறுக்குக் கோடு, தறி எண்ணெய்க் கறை, ஒரு ரோலுக்கும் இன்னொரு ரோலுக்கும் நிற வேறுபாடு என்று ஏதாவது ஒன்று இருக்கும். இழைக் குறையைத் திரையின் மடிப்பு மறைத்துவிடும். நிற வேறுபாட்டை எதுவும் மறைக்காது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு ரோல்கள் ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து அடிக்கும்போது தனித்தனியாகத் தெரியும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு இரண்டு ரோலின் நுனியையும் வாசலுக்கு எடுத்துப்போய், வெயிலில் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். கடைக்காரர்கள் இதற்குத் தடை சொல்வதில்லை.

துணியின் கனம் சதுர மீட்டருக்கு 180 முதல் 250 கிராம் வரை இருந்தால் திரை கனமாக, நேராக விழும். 120-க்குக் கீழே போனால் அது உள்திரைக்குத்தான் ஆகும், தனியாக மாட்டினால் சேலையைக் கொடியில் காயப்போட்டது போலத் தெரியும். கிலோ கணக்கில் விற்கும் இடங்களில் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் கனமும் 54 அங்குலப் பன்னாவும் (துணியின் அகலம்) உள்ள துணி ஒரு மீட்டர் 274 கிராம் நிற்கும், கிலோவுக்குச் சுமார் 3.6 மீட்டர். கனமான துணியைக் கிலோ விலையில் மலிவு என்று வாங்கினால் மீட்டர் குறைந்துபோகும்.

சாயம் போகுமா என்று பார்க்க, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியின் ஓரத்தில் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணி தலையணை உறைக்கு வேண்டாம். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு அடர் நீலமும் மெரூனும் எந்தத் துணியிலும் வேண்டாம். பல்லடம், தாராபுரம் வெயிலில் மடிப்பின் வெளி விளிம்பு மட்டும் வெளுத்து, பிரித்தால் வரி வரியாக நிற்கும்.

இனி அளவு. நம் வீடுகளில் திரை குட்டையாகத் தெரிவதற்கு ஒரே காரணம், ராடை லிண்டலுக்கு இரண்டு அங்குலம் மேலே அடித்து, 5 அடி ரெடிமேட் திரையைத் தொங்கவிடுவதுதான். ஜன்னலுக்குக் கீழே ஒரு சாண் தொங்கி, தரைக்கு எட்டாமல் நிற்கும். ஓட்டல்காரர்கள் ஜன்னலின் அளவைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, சுவரை அளக்கிறார்கள். 9 அடி நீளத் திரையை எடுத்து, ராடின் நடுமையம் தரையிலிருந்து 8 அடி 11 அங்குலத்தில் வரும்படி மாட்டினால், வளையம் வைத்த திரை தரைக்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேலே நிற்கும். அந்த இடைவெளி போதும். தரையில் புரளவிட்டால் மாப் போடும் தண்ணீரை உறிஞ்சி, கீழ் விளிம்பு ஒரே மாதத்தில் கறுத்துப்போகும். ஜன்னலின் இரு பக்கமும் 8 அங்குலம் தள்ளி ராடு நீள வேண்டும். 60 அங்குல ஜன்னலுக்கு 76 அங்குல ராடு. திறக்கும்போது துணி முழுவதும் சுவர்மேல் ஒதுங்கிவிடும், ஜன்னலும் ஓர் அடிக்கு மேல் பெரிதாகத் தெரியும்.

அடுத்தது சுருக்கத்துக்கான துணி. ராடு நீளத்தைப் போல இரண்டு மடங்கு அகலம் வேண்டும், தைத்த பிளீட் வைப்பதானால் இரண்டரை மடங்கு. 76 அங்குல ராடுக்கு 152 அங்குலம் தேவை. 54 அங்குலப் பன்னாவில் மூன்று அகலம் வெட்டினால் ஓரமும் இணைப்பும் போக 156 வரும். நீளத்தில் 108 அங்குலத்தோடு மேல் மடிப்புக்கு 4, கீழே நான்கு அங்குல இரட்டை மடிப்புக்கு 8 சேர்த்தால் 120. பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு நான்கு பங்கு வரை சுருங்கும் என்று வைத்து 125 அங்குலமாக வெட்டுங்கள். மூன்று அகலத்துக்கு 9.5 மீட்டர். பெரிய பூ, கட்டம் போட்ட துணியானால் ஒவ்வோர் அகலத்துக்கும் ஒரு டிசைன் நீளம் கூடுதலாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பில் பூ பாதியாக நிற்கும்.

ஏற்றுமதிக்கென்று தைத்து முடித்த திரைகளும் சர்ப்ளஸில் வரும். அமெரிக்க ஆர்டரானால் நீளம் 84, 96, 108 அங்குலம். அதாவது 7, 8, 9 அடி. நமக்கு 108 கச்சிதம். அவற்றின் மேல்புறம் ராடு நுழையும் குழாய் மாதிரித் தைத்திருப்பார்கள். அப்படியே மாட்டினால் இழுக்கும்போது திக்கும். உள்ளூர் டெய்லரிடம் கேன்வாஸ் பட்டை வைத்து வளையம் அடிக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

தையல்தான் பாதி வேலை

ஈரோடு, கரூர், திருப்பூர் மூன்றிலும் திரை மட்டுமே தைக்கும் டெய்லர்கள் இருக்கிறார்கள். ஜாக்கெட் தைக்கும் டெய்லரிடம் திரையைக் கொடுப்பது வீண். 9 அடித் துணியை நேராக வெட்ட நீள மேசை வேண்டும். மேசை சிறிதானால் கீழ் விளிம்பு கோணிப்போகும், அதைப் பிறகு திருத்த முடியாது.

கொடுக்கும்போது நான்கு விஷயங்களை வாய் திறந்து சொல்லிவிடுங்கள். "ஏனுங்ண்ணா, துணிய மொதல்ல ஒரு தண்ணி நனைச்சுக் காயப்போட்டுட்டு அப்பறம் வெட்டுங்க" என்பது முதல் விஷயம். அவர் செய்யமாட்டார் என்று தோன்றினால் வீட்டிலேயே நனைத்துக் கொடுத்துவிடலாம். அடுத்து, கீழே நான்கு அங்குல இரட்டை மடிப்பு. ஒன்றரை அங்குலத்தில் ஒற்றை மடிப்பாக அடித்துக் கொடுப்பதுதான் வழக்கம், ரெடிமேட் திரை இலேசாகத் தெரிவது அதனால்தான். மூன்றாவது, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை அகலம் வரும்போது அரை அகலத் துண்டு சுவர் ஓரத்துக்குப் போக வேண்டும். நடுவில் வந்தால் இரண்டு திரை சேரும் இடத்தில் தையல் கோடு தெரியும். நான்காவது, வளையங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். அப்போதுதான் இரு ஓரமும் சுவர் பக்கம் திரும்பி நிற்கும். 78 அங்குல அகலத்துக்கு 12 வளையம் சரியாக வரும்.

உள்லைனிங் போட்டால் திரையின் விழும் அழகே மாறும், வெயிலில் மேல்துணியும் வெளுக்காது. வெள்ளைப் பருத்தி லைனிங் போதும். ரப்பர் போன்ற பூச்சுள்ள பிளாக்அவுட் லைனிங் படுக்கையறைக்கு நன்றாக இருக்கும். ஆனால் வாஷிங் மெஷினில் சுழற்றினாலோ, பூச்சின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தாலோ வெடித்து, ஊசிக்கண் அளவில் வெளிச்சம் வரத் தொடங்கும். நிழலில் கையால் அலசிப் போடும் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்போம்.

ஆடிக் காற்று நம் பக்கத்துக்கே உரியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியில் தொடங்கும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் எல்லாவற்றையும் இரண்டு மூன்று மாதம் அடித்து ஆட்டும். காற்றாலைகள் அங்கே நிற்பதே அதனால்தான். இலேசான திரை அந்தக் காற்றில் பாய்மரம் போல விரிந்து, டிவி மேசையில் இருப்பதையெல்லாம் தள்ளிவிடும். கீழ் மடிப்பின் இரு மூலையிலும் இணைப்பு வரும் இடத்திலும் சிறு ஈயக்கட்டியோ, ஓர் அங்குல வாஷரோ வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இரும்பு வாஷரானால் துருக்கறை வராதபடி சிறு துணிப் பையில் போட்டு உள்ளே வைக்க வேண்டும்.

ராடு 25 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் போதும். மேலே சொன்ன துணி மட்டும் 2.6 கிலோ, லைனிங்கோடு ஐந்து கிலோவை நெருங்கும். 6 அடிக்கு மேல் நீளமுள்ள ராடுக்கு நடுவில் மூன்றாவது பிராக்கெட் கட்டாயம். இரண்டு திரையும் நடுவில் சேர்ந்து பிரிவதால் அந்தப் பிராக்கெட் இடைஞ்சலாக இராது. சுவரில் 8 மில்லிமீட்டர் துளையும் நைலான் பிளக்கும். எடை குறைந்த சாம்பல் பிளாக் சுவரானால் சாதாரணப் பிளக் நாலு மாதத்தில் தளர்ந்து வெளியே வரும், அதற்கென்றே இருக்கும் நீளப் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். சீலிங்கில் துளை போட்டு டிராக் அடிப்பதானால் முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரிங் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேளுங்கள். ஃபேன் பெட்டியிலிருந்து சுவிட்ச் போர்டுக்கு வரும் குழாய் ஸ்லாபுக்குள்ளேதான் புதைந்திருக்கும், டிரில் அதில் பட்டால் ஸ்லாபை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஜன்னலுக்கு மேலேயே அட்டாலி (பரண்) ஓடுகிற அறையில் இந்த உயரம் நடக்காது. அங்கே அட்டாலியின் அடிப்பக்கத்தில் டிராக்கை அடித்து 7 அடித் திரையைத் தரை வரை விடுவதே சிறந்தது. அட்டாலிக்குத் தனியாக ஒரு குட்டித் திரை போடும் வழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். அறையை இரண்டாக வெட்டுகிறது.

சென்னிமலை விரிப்பு

ஓட்டல் கட்டிலின் அழகு முழுக்க விரிப்பின் அளவில் இருக்கிறது. 72-க்கு 78 அங்குல மெத்தை, 8 அங்குல உயரம் என்றால், இரு பக்கமும் கீழே இறங்க 16, மெத்தைக்கு அடியில் செருக இரு பக்கமும் பத்துப் பத்து, ஆக அகலம் 108 அங்குலம் வேண்டும். நம் கடைகளில் டபுள் பெட்ஷீட் என்று கொடுப்பது பெரும்பாலும் 90-க்கு 108. அதை 72 அங்குல மெத்தையில் போட்டால் அடியில் செருக ஓர் அங்குலம்தான் மிஞ்சும், குழந்தை ஒரு தரம் ஏறி இறங்கினால் வெளியே வந்துவிடும். 108-க்கு 108 கேட்டு வாங்குங்கள்.

சென்னிமலைக் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் கிடைக்கும் கைத்தறி விரிப்புகள் கொஞ்சம் தடித்தவை, சலவை ஏற ஏற மென்மையாகும். உடம்புக்கு இதமானவை. ஓட்டலில் இருக்கும் வழுவழுப்பான வெள்ளை விரிப்பு இவற்றிலிருந்து கிடைக்காது, அது மில் துணி. இரண்டையும் சேர்ப்பதுதான் எங்களுக்குப் பிடித்த வழி. அடியில் வெள்ளை மில் விரிப்பு. மேலே, கால் பக்கம், சென்னிமலைப் போர்வையை மூன்றாக மடித்து, கட்டிலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறுக்காகப் போடுவது. ஓட்டலில் ரன்னர் என்று போடும் பட்டைக்குப் பதில் இது. குளிரும் ராத்திரியில் இழுத்துப் போர்த்திக்கொள்ளவும் உதவும், ரன்னரால் அது முடியாது.

வெள்ளை விரிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். ஆயிரம் அடி போர்வெல் தண்ணீரில் துவைத்தால் ஆறே மாதத்தில் பழுப்பேறி, துணி அட்டை மாதிரி விறைக்கும். உப்புத் தண்ணீர் வீடுகளுக்கு வெள்ளையைவிடச் சாயமேற்றாத பருத்தியின் தந்த நிறமே நல்லது. கடைசி அலசலில் ஒரு பக்கெட்டுக்குக் கால் கப் வெள்ளை வினிகர் சேர்த்தால் விறைப்பு குறையும். ப்ளீச்சிங் பவுடரோடு மட்டும் அதைக் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

பவானி ஜமுக்காளம்

ஆடம்பர வீடுகளில் சோஃபாவுக்கு அடியில் விரிக்கும் கம்பளத்துக்கு இதைவிட நல்ல மாற்று நம்மிடம் இல்லை. 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அகலமான வண்ணப் பட்டைகள், முரட்டு நூல், குழித்தறி. கல்யாணத்துக்கு விரித்து, காது குத்துக்கு விரித்து, ஒறம்பரை வந்தால் விரித்து, பிறகு சுருட்டி அட்டாலியில் போட்டுவிடுகிறோம். அதே சிவப்பு, பச்சைப் பட்டைகள் ஒரு வெற்றுச் சுவருக்கும் மங்கலான சோஃபாவுக்கும் நடுவில் வந்தால் அறை எழுந்து நிற்கிறது. மற்றவை எல்லாம் அடக்கமான நிறத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பூப்போட்ட திரையோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

ஜமுக்காளம் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஒன்று. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இருக்கிறது. அப்படியிருந்தும் சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கு பவானிப் பெயரில் விற்கிறது, பவானி நெசவாளர்கள் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறார்கள். வாங்குபவர் கண்டுபிடிக்க வழி உண்டு. கைத்தறியில் ஊடை நூல் ஒவ்வொரு வரியிலும் ஓரத்தில் திரும்பி உள்ளே போகும், விரலால் தடவினால் ஓரம் சற்று ஏற்ற இறக்கமாக இருக்கும். அடர்த்தியாக அடித்து நெய்திருப்பதால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டை தெரியாது. நீளமும் அகலமும் ஒன்றாகவே இருந்தாலும் தூக்கிப் பார்த்தால் கனம் சொல்லிவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாக உருண்டு நிற்கும். செயற்கைப் பட்டு ஓரம் வைத்த ரகத்தில் அந்த ஓர நூலை எடுக்காமல் உடல் பகுதி நூலை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அளவைச் சிறிதாக எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சோஃபாவுக்கு முன்னால் நட்டநடுவில் தீவு மாதிரிக் கிடந்தால் அறை சிறுத்துப்போகும். சோஃபாவின் முன்கால்கள் ஜமுக்காளத்தின்மேல் அரை அடியாவது ஏறி நிற்க வேண்டும். ஆறரை அடி சோஃபாவுக்கு 8-க்கு 6 அடிக்குக் குறையக் கூடாது. டைல்ஸ் தரையில் இது வழுக்கும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அடியில் ரப்பர் வலை விரிக்காமல் போடவே வேண்டாம். வலையை நான்கு பக்கமும் ஓர் அங்குலம் குறைத்து வெட்டினால் வெளியே தெரியாது. முதல் இரண்டு சலவைக்குத் தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊற வைக்காமல் அலசி நிழலில் காய வையுங்கள். ஊறினால் சிவப்பு பக்கத்துப் பட்டையில் இறங்கும்.

சுவரில் மாட்டவும் செய்யலாம். பின்பக்கம் மேல் ஓரத்தில் மூன்று அங்குலக் காடாத் துணிக் குழாயைக் கையால் தைத்து, அதில் ராடைச் செருகி மாட்டுங்கள். ஆணி அடித்து மாட்டினால் தன் கனத்திலேயே கிழியும்.

விளக்கு

இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு நாள் போதும். நம் வீட்டு பல்பெல்லாம் ஒளியின் நிற அளவில் 6,500 கெல்வின், ஆஸ்பத்திரி வெள்ளை. ஓட்டல் அறை 2,700 முதல் 3,000 வரை. பல்பு அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். ஒரே அறையில் இரண்டையும் கலந்தால் சுவர் அழுக்காகத் தெரியும், மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். படிக்கும் மேசைக்கும் சமையல் மேடைக்கும் மட்டும் 4,000 வைத்துக்கொள்ளலாம்.

மறைவிளக்குக்காக ஃபால்ஸ் சீலிங் போட வேண்டியதில்லை. 10 அடிச் சீலிங்கில் அதைப் போட்டால் முக்கால் அடி போய்விடும், ஏப்ரல் வெயிலில் அந்த முக்கால் அடி எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். திரை ராடை மறைக்கும் பெல்மெட் பலகையின் மேல்பக்கத்திலோ, அட்டாலியின் மேல் விளிம்புக்கு உள்ளேயோ எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை ஒட்டினால் போதும். விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே, சீலிங்கிலிருந்து ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். நெருங்கினால் வெளிச்சம் பரவாமல் கோடாக விழும். மீட்டருக்கு 120 எல்.இ.டி. உள்ளதை வாங்குங்கள். 60 உள்ளது புள்ளி புள்ளியாகத் தெரியும். அலுமினியத் தட்டில் ஒட்டாமல் வெறும் பலகையில் ஒட்டினால் சூட்டில் பசை விட்டுத் தொங்கும்.

பாதி வீடுகளில் ஒரு வருடத்துக்குள் ஸ்ட்ரிப் அணைவதற்குக் காரணம் டிரைவர், அதாவது வீட்டு மின்சாரத்தை ஸ்ட்ரிப்புக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. மீட்டருக்கு 10 வாட் ஸ்ட்ரிப் 5 மீட்டர் போட்டால் 50 வாட், அதற்கு 50 வாட் டிரைவரையே கொடுத்துவிடுவார்கள். 60 வாட்டுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். காற்றோட்டமுள்ள, கை எட்டுகிற இடத்தில் அது இருக்க வேண்டும். 12 வோல்ட் ஸ்ட்ரிப் 5 மீட்டருக்கு மேல் ஓடினால் கடைசிப் பகுதி மங்கும், இரு முனையிலும் மின்சாரம் கொடுக்க வேண்டும், அல்லது 24 வோல்ட் எடுக்க வேண்டும்.

கோடுபோட்ட பேனல்: வேண்டாம்

டிவிக்குப் பின்னால் மரப்பட்டை மாதிரி வரிவரியாக ஒட்டும் லூவர் பேனலை இப்போது எல்லாக் கான்ட்ராக்டரும் சொல்கிறார்கள். ஆடம்பர வீட்டில் இருப்பது உண்மையான மரப்பட்டை. அதன் இடைவெளியில் விழும் நிழல்தான் அழகு. பி.வி.சி. அச்சில் அந்த நிழல் இல்லை, மூன்றடி தூரத்திலேயே பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும். எம்.டி.எஃப். ஆனால் நம் செம்மண் பூமியின் கரையான் தேடி வரும். ஓதம் ஏறும் சுவரில் ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடிப்பது வெளியே தெரியாது. பூஜை விளக்குக்குப் பின்னால் பி.வி.சி. பேனலை ஒட்டுவதைப் பார்க்கும்போது பயமாகவே இருக்கிறது, சூட்டில் இளகும் பொருள் அது.

ஆனாலும் போட்டே தீருவோம் என்றால் சுவர் முழுக்க வேண்டாம். 5 அங்குலப் பேனல் பத்து எடுத்தால் 4 அடி அகலம் வரும், டிவிக்குப் பின்னால் அது போதும். ஒட்டுவதற்கு முன் சுவரில் இரண்டு அங்குலக் குழாய் புதைத்து வயரெல்லாம் அதில் இறக்கிவிடுங்கள். பிறகு செய்ய முடியாது.

அதற்குப் பதில் சுண்ணாம்பு

விலையுயர்ந்த வீடுகளில் இப்போது மேகம் படர்ந்தது போல் பூசும் சுவர், நம் தாத்தா காலத்துத் தொட்டிக்கட்டு வீட்டில் இருந்த சுண்ணாம்புதான். நீறின சுண்ணாம்பைக் குறைந்தது மூன்று நாள் தண்ணீரில் ஊறவிட்டு, வேட்டித் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். நிறத்துக்குக் காவியோ மஞ்சள் ஆக்சைடோ, சுண்ணாம்பின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போகாமல். சுவரைத் தண்ணீரால் நனைத்து, ஆறு அங்குலப் பிரஷ்ஷில் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்குமாக, மெல்லியதாக மூன்று கோட். ஈரத்தில் சேறு நிறமாகத் தெரிந்து மனசு கலங்கும், காய்ந்தால் பல படி வெளுக்கும். ஆகவே அட்டையில் ஒரு மாதிரி பூசி, ஒரு நாள் காயவிட்டுப் பார்த்த பிறகே சுவருக்குப் போக வேண்டும். கண்ணில் பட்டால் சுண்ணாம்பு புண்ணாக்கும், கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொடாதீர்கள்.

இதில் தோற்கும் இடம் ஒன்றே ஒன்று. ஏற்கெனவே புட்டியும் எமல்ஷனும் ஏறிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, ஒரு மாரிக்குள் செதில் செதிலாக உதிரும். அந்தச் சுவரில் பூச்சைச் சிமெண்ட் வரை சுரண்ட வேண்டும், அல்லது சுண்ணாம்பு பிடிப்பதற்கென்றே விற்கும் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். புதிதாகப் பூசி இன்னும் பெயின்ட் காணாத சுவர் உள்ளவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

சுண்ணாம்பு வேலையும் டிரில் வேலையும் முடிந்து, தரையைக் கழுவி, இரண்டு நாள் கழித்தே திரையை மாட்டுங்கள். காற்றில் மிதக்கும் சுண்ணாம்புத் தூள் ஈரத்தோடு சேர்ந்து சாயத் துணியில் படிந்தால் அந்த இடம் வெளுத்துப்போகும்.